விடுதி வரியைச் சாலைக்குச் செலவிட முடியுமா?

விடுதிகளில் தங்குவோர் கட்டும் வரி, ஊருக்கு மாநாடுகளையும் பயணிகளையும் ஈர்க்கும் சுற்றுலாப் பணியகத்துக்குப் போகிறது, அதனால் ஊருக்குப் பயனே இல்லை, அதைத் தெருக்களைச் சீரமைக்கச் செலவிடலாமே என்று கேட்டிருந்தீர்கள்.

முடியாது. டெக்சாஸ் வரிச் சட்டத்தின் 351ஆம் அத்தியாயப்படி, நகராட்சி வசூலிக்கும் விடுதி வரி சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் வளர்க்கும் செலவுகளுக்கே உரியது. எனவே நீங்கள் கேட்டதுபோல, சுற்றுலாப் பணியகத்துக்குப் போகும் அந்தப் பணத்தைக் குண்டும் குழியுமான தெருக்களுக்குத் திருப்பிவிட வழியில்லை. அதைக் கட்டுபவரும் பெரும்பாலும் வெளியூர் விருந்தினரே.

ஊருக்குப் பயனே இல்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்கு, அந்தப் பயன் வேறொரு கணக்கில் வந்து சேர்வது காரணமாக இருக்கலாம். பணியகம் ஒரு மாநாட்டையோ விளையாட்டுப் போட்டியையோ ஊருக்குக் கொண்டுவரும்போது, வந்தவர்கள் உணவகங்களிலும் கடைகளிலும் செலுத்தும் விற்பனை வரியில் மாநிலத்தின் 6.25 சதவீதம் போக, உள்ளூர் அமைப்புகளுக்கு 2 சதவீதம் வரை கிடைக்கிறது. அதில் நகராட்சியின் பொது நிதிக்குச் சேரும் பங்கைச் சாலைக்குத் தாராளமாகச் செலவிடலாம்.

மாநிலக் கணக்கு அலுவலகம் ஊர்வாரியாக மாதந்தோறும் வெளியிடும் விற்பனை வரிப் பங்கீட்டை எடுத்து, பெரிய நிகழ்ச்சி நடந்த மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜனவரி விற்பனையின் பங்கு மார்ச்சில்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால், நெடுஞ்சாலையோரம் புதிய பெருங்கடை ஒன்று திறந்தாலும் அதே தொகை ஏறும் என்பதால், உயர்வு முழுவதையும் பணியகத்தின் வரவில் எழுத முடியாது. பணியகமே வெளியிடும் 'பொருளாதாரத் தாக்க' அறிக்கைகளை நான் சற்றுக் குறைத்தே மதிப்பேன்.