சக்கையும் தரகரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன மாதம் மார்த்தாண்டம் தேன்பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். ஒரு பாதிரியார் வடிவமைத்த பெட்டி, காப்புரிமை, உரிமம் என்று எந்தத் தொல்லையும் இல்லாமல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லியிருந்தீர்கள். அதையொட்டி ஒரு கேள்வி.

நான் பாறசாலைக்காரன். திருவனந்தபுரத்தில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ரப்பர் பாலிலிருந்து பலகை ஒட்டும் பசை ஒன்றைச் செய்திருக்கிறோம். நன்றாகவே பிடிக்கிறது. அதைத் தொழிலுக்குக் கொண்டுபோக, தொழில்நுட்பப் பரிமாற்றம் செய்துதரும் ஒரு முகமையிடம் பேராசிரியர் ஒப்படைக்கப் போகிறார். அங்கிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். காப்புரிமை விண்ணப்ப எண் என்ன, எத்தனை பேருக்கு உரிமம் கொடுக்கலாம், கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். பசையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இவர்கள் வெறும் தரகர்கள்தானே? கண்டுபிடித்தவன் திருவனந்தபுரத்தில் இருக்கிறான், தொழில் செய்பவன் களியக்காவிளையில் இருக்கிறான், நடுவில் ஒரு பஸ் பயணம்தான். எதற்கு ஒரு புரோக்கர்? தேன்பெட்டிபோல நேரடியாகக் கொடுத்தால் என்ன?

அன்புடன்,
அ., பாறசாலை

அன்புள்ள தம்பி,

தரகர்கள்தான். அதில் சந்தேகமே வேண்டாம். 'வெறும்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

சின்ன வயதில் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். எங்களுக்கென்று ஒரு தரகர் இருந்தார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் அவருடைய வேலையில் அது கடைசிக் கால்வாசி. அதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், மடியைத் தடவுவார், கொஞ்ச தூரம் நடத்திப் பார்ப்பார். விற்பவனிடம், 'இது எந்தத் தண்ணி குடிச்சு வளந்தது?' என்று கேட்பார். அப்புறம் ஒரு மாதம் கழித்து, யாரும் கூப்பிடாமலே எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். 'பாலு எப்படி?' பால் குறைந்தால் அவர் பெயர் கெடும், அடுத்த மாட்டுக்கு அப்பா வேறு ஆளைப் பார்ப்பார். அதனால் வருவார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, வந்தவர் தரகராக இருந்தது அல்ல. பல்லைப் பிடித்துப் பார்க்காத தரகராக இருந்ததுதான்.

முதலில் தேன்பெட்டி. என் குறிப்பில் நான் சுருக்கியது உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோய்விட்டது, மன்னிக்க வேண்டும். மேல்நாட்டுப் பெட்டியும் அதனுள் வைக்கிற மரச்சட்டமும் நம்மூர்த் தேனீக்குப் பெரியவை. அதைப் பார்த்து, 1910களில் நியூட்டன் என்ற யேசு சபைப் பாதிரியார் சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். சரி, பெட்டி வந்துவிட்டது. அது தானாக நடந்து மார்த்தாண்டத்துக்கு வரவில்லை. அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராம மேம்பாட்டு மையம் வைத்தது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். அங்கே ஜனங்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், பெட்டியை உள்ளூருக்கு ஏற்றபடி திருத்தினார்கள், தேனைக் கூட்டுறவாக விற்க வழி செய்தார்கள். 'மார்த்தாண்டம் பெட்டி' என்று ஒரு பெயரே நிலைத்தது. அங்கே உரிமம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஆனால் முகமை இருந்தது. அதற்கு அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

அரசே அப்படியொரு முகமை வைத்த கதை சுவாரசியமானது. பென்சிலினை 1928இல் லண்டனில் கண்டவர் பிளெமிங். மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியும் செய்னும் அவர்கள் கூட்டத்தாரும். போர்க்காலத்தில் பெருமளவில் தயாரிக்கும் வழி அமெரிக்காவில் உருவாயிற்று, தயாரிப்பு முறைக்கான காப்புரிமைகளும் அந்தப் பக்கம் போயின. தாங்கள் பெற்ற பிள்ளைக்குத் தாங்களே காசு கொடுக்க வேண்டியதாயிற்றே என்ற வயிற்றெரிச்சல் பிரிட்டனில் பல காலம் இருந்தது. அங்கே 1948இல் சட்டம் போட்டு ஆராய்ச்சி வளர்ச்சிக்கென்று ஒரு கழகம் அமைத்ததற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம். நாம் அதே பெயரில் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தை 1953இல் டெல்லியில் தொடங்கினோம். நாடெங்கும் அரசு ஆய்வுக்கூடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே கண்டுபிடிப்பதை வாங்கித் தொழிலுக்குக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே.

அந்தக் கழகத்தின் கதைகளில் எனக்குப் பிடித்தது ஸ்வராஜ் டிராக்டர். துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்தது. கழகம் வழியாகப் பஞ்சாப் டிராக்டர்ஸுக்கு உரிமம் போயிற்று, 1974இல் வண்டி விற்பனைக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வரைபடங்களோடு அவற்றை வரைந்த பொறியாளர்கள் சிலரும் துர்காபூரை விட்டுப் பஞ்சாபுக்குப் போனார்கள். காகிதம் மட்டும் போயிருந்தால் வண்டி வயலில் இறங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நேரடியாகக் கொடுத்தால் என்ன என்கிறீர்கள். கொடுத்திருக்கிறார்கள், அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியை நம் பகுதியில் அறியாதவர் கிடையாது. நெஞ்சு, தலை என்றால் நாகர்கோவிலிலிருந்து வண்டி நேரே அங்கேதான் போகும். அதன் கருவி ஆய்வுப் பிரிவு பூஜப்புரையில், சாட்டல்மண்ட் அரண்மனையில் இருக்கிறது. அங்கே இதய அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் வலியத்தானும் அவரோடிருந்த பொறியாளர்களும் 70களின் இறுதியில் இதய வால்வு செய்ய உட்கார்ந்தார்கள். வெளிநாட்டு வால்வின் விலை நம் ஜனங்களுக்கு எட்டாது. முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றன. நடுவில், வால்வுக்குள் வழியைத் திறந்து மூடுகிற வில்லையைச் செயற்கை நீலமணிக்கல்லில் செய்துகூடப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. நான்காவது மாதிரியில் பாலிஎதிலீன் வில்லை போட்டார்கள். அதாவது பிளாஸ்டிக் இனம், இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பயன்படுகிற உயர்ரகம். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. ஆமாம், பிரஸ்டீஜ் குக்கர் குடும்பத்து டிடிகேதான். இதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் பொருத்தியாகிவிட்டது.

இங்கே வெளித்தரகர் எங்கே என்று கேட்பீர்கள். தேவைப்படவில்லை, ஏனென்றால் தரகர் வேலையை நிறுவனமே செய்தது. கத்தி பிடிக்கிறவரும் கடைசல் பிடிக்கிறவரும் ஒரே நிறுவனத்துக் கூரையின் கீழ் இருந்தார்கள். வால்வு பழுதானால் அறுவை மருத்துவருக்கே தெரியும், அவர் பொறியாளரிடம் போய்ச் சொல்லலாம். அப்படியும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் ஆய்வகத்துக்கும் களியக்காவிளைப் பட்டறைக்கும் நடுவில் ஒரே கூரை இல்லை. பஸ் இருக்கிறது என்கிறீர்கள். அதில் யார் ஏறிப் போவது?

இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். சில வருடங்களுக்கு முன்னால் நானும் அத்தானும் சேர்ந்து சக்கை (எங்கள் ஊரில் பலாவுக்கு அதுதான் பெயர்) வற்றல் போடுகிற தொழிலில் இறங்கினோம். சீசனில் மரத்தடியில் அழுகிக் கிடக்கிற காய். தமிழ்நாட்டுக்கும் அது மாநிலப் பழம், கேரளமும் 2018இல் அதையே மாநிலப் பழமாக அறிவித்தது, ஆனாலும் பாதி மாட்டுக்குத்தான் போகிறது. ஓர் ஆய்வுக்கூடத்தின் முறையை ஒரு முகமை வழியாக வாங்கினோம். பெயர்கள் வேண்டாம். கட்டணம் ஒரு லட்சத்துச் சொச்சம், பதினான்கு பக்கக் கையேடு, இரண்டு நாள் பயிற்சி, கைகுலுக்கிப் போட்டோ. டிரையர் வாங்கினோம், நான்கு பெண்களை வேலைக்கு வைத்தோம். முற்றிய காயை வெட்டிச் சுளை எடுத்து, கீறி, கொதிக்கிற உப்புத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தட்டில் பரத்தி, கையேட்டில் சொன்ன சூட்டில் சொன்ன நேரம் வைத்தோம். பார்க்கப் பொன்னாக இருந்தது. மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் கடைகளுக்குக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் பொட்டலங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

முகமைக்குப் போன் போட்டோம். கையேடு கொடுத்தாயிற்று, பயிற்சி கொடுத்தாயிற்று, ஒப்பந்தப்படி எல்லாம் முடிந்தது என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கடைசியில் அந்த ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை, ஆள் மாற்றி ஆள் கேட்டுக் கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை, கேரளா பஸ்ஸில் வந்து இறங்கினார். சாயா வேண்டாம் என்றார். ஒரு வற்றலை எடுத்து இரண்டு விரலால் ஒடித்தார். ஒடியவில்லை, வளைந்தது. சிரித்தார். குடோனுக்குள் போய்க் குவிந்து கிடந்த காய்களைத் தட்டிப் பார்த்தார், ஒன்றை வெட்டச் சொல்லிச் சுளையை நகத்தால் கீறினார்.

'இது கூழனாக்கும் சாறே. நாங்க செஞ்சு பாத்தது முழுக்க வருக்கையாக்கும்.'

வருக்கை என்றால் கெட்டிச் சுளை, கூழன் என்றால் குழைந்த சுளை. பதினான்கு பக்கத்தில் 'வருக்கை' என்ற சொல்லே இல்லை. 'நன்கு முற்றிய பலாக்காய்' என்றுதான் இருந்தது. எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்றால், தெரியும். வருக்கைக்கும் கூழனுக்கும் வித்தியாசம் தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் வளர்வதில்லை. ஆனால் லாரி லோடாகக் காய் வாங்கும்போது யார் பார்த்தார்கள்? முத்திரை குத்திய காகிதம் கைக்கு வந்தபின், ஊர்ப்புத்தியைத் திண்ணையில் விட்டுவிட்டு உள்ளே போனோம். இன்னொன்றும் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் ஐந்து கிலோ வைத்துப் பார்த்தது ஏசி அறையில். ஜூன் மழையில், ஈரக்காற்றில், தட்டில் பாதிதான் பரத்த வேண்டும், நடுவில் தட்டுகளை மேல்கீழ் மாற்ற வேண்டும். நேரத்தைப் பார்க்கக் கூடாது, ஒடித்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஏன் கையேட்டில் எழுதவில்லை என்று அத்தான் கேட்டார்.

'எங்கள ஆரும் கேக்கல்லியே.'

தம்பி, முகமை செய்ய வேண்டியிருந்த வேலை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவர்கள் ஏன் செய்யவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குக் காசு வருகிற வழி அப்படி. உரிமக் கட்டணம் இரண்டு விதம். கையெழுத்துப் போடும்போது மொத்தமாக ஒரு தொகை. அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வருடா வருடம் ராயல்டி. ராயல்டி என்றால், எங்கள் வற்றல் விற்றால்தான் அவர்களுக்குக் காசு, ஆகவே மாட்டுத் தரகர்போல வாசலில் வந்து நிற்பார்கள். ஆனால் எங்களைப்போன்ற சில்லறைப் பேர்வழிகளிடம் கணக்குப் பார்த்து வசூலிப்பது பெரும்பாடு. அதனால் மொத்தமாக வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஆண்டறிக்கையிலும் 'இத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை பொட்டலம் திரும்பி வந்தது என்று எழுத அதில் இடம் இல்லை.

அமெரிக்காவைக் காட்டுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1970இல் உரிம அலுவலகம் வைத்து, மரபணுவை வெட்டி ஒட்டுகிற கோஹன் - போயர் முறையை யாருக்கும் தனியுரிமை கொடுக்காமல், வருடத்துக்கு 10,000 டாலர் என்ற எளிய கட்டணத்தில் தொடங்கி, 468 நிறுவனங்களுக்குக் கொடுத்து, 1997இல் முடிந்த அந்தக் காப்புரிமையால் மொத்தம் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. உண்மைதான். அங்கேயே பெரும்பாலான பல்கலைக்கழக அலுவலகங்கள் தங்கள் சம்பளச் செலவைக்கூட ஈட்டுவதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அரசுப் பணத்தில் செய்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்ற அந்த நாட்டு 1980ஆம் வருடச் சட்டத்தைப் பார்த்து நம் மாநிலங்களவைக்கும் 2008இல் ஒரு மசோதா வந்தது, 2014இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் தீர்க்கும், கூழனா வருக்கையா என்பதைத் தீர்க்காது.

இனி உங்கள் பசைக்கு வருவோம். ஒன்று கேட்கிறேன். ஆய்வகத்தில் நீங்கள் எடுத்தது எந்தப் பால்? டிரம்மில் வருகிற, இயந்திரத்தில் சுழற்றித் தண்ணீரைப் பிரித்த, ரப்பர் 60 சதவீதம் உள்ள பாலாகத்தான் இருக்கும். குலசேகரத்தில் காலையில் வெட்டி வாளியில் வருகிற தோட்டத்துப் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம்தான். அதுவும் மழைக்கு ஒரு மாதிரி, இலை உதிர்கிற மாசி பங்குனிக்கு ஒரு மாதிரி. உறையாமல் இருக்க ஒருவர் அமோனியா கூடுதலாக ஊற்றுவார், ஒருவர் குறைவாக. சின்னப் பட்டறைக்காரன் எந்தப் பாலை வாங்குவான் என்று நினைக்கிறீர்கள்? உங்களுடைய கூழன் அங்கேதான் இருக்கிறது.

அதனால் அந்த முகமைக்காரரை விரட்ட வேண்டாம். காப்புரிமை விண்ணப்பம், ஒப்பந்த வாசகம், கட்டணப் பேச்சு எல்லாம் உங்களுக்கோ உங்கள் பேராசிரியருக்கோ தெரியாத வேலை, அதை அவரே செய்யட்டும். மொத்தத் தொகையைக் குறைத்து ராயல்டி வைக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் ஆறு மாதம் ஆய்வகத்திலிருந்து ஓர் ஆள் மாதம் இரண்டு நாள் பட்டறைக்குப் போக வேண்டும், அவருக்குப் பயணப்படி இன்னார் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம், பாறசாலையிலிருந்து களியக்காவிளை என்ன தூரம்? அடுத்த முறை அவர் வரும்போது, பேச்சைத் தொடங்கும் முன் பசை டப்பாவைத் திறந்து இரண்டு பலகைத் துண்டோடு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தொடுகிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அத்தான் இப்போதும் வற்றல் போடுகிறார், சின்ன அளவில், வருக்கையில் மட்டும். ஒரு பொட்டலம் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ஒன்றை ஒடித்துப் பாருங்கள்.