வைஃபை மெதுவாக இருந்தால் யாரோ திருடுகிறார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: வீட்டு வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் மாலையானால் இணையம் நத்தையாக ஊர்கிறது. ரவுட்டர் பட்டியலில் அடையாளம் தெரியாத இரண்டு கருவிகள் வேறு இருக்கின்றன. யாராவது பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

திருடியிருக்கலாம்தான். ஆனால் இதே சந்தேகத்தில் மூன்று வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் நான். இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றியும் மாலை நேரத்து மந்தம் போகவில்லை. கடைசியில் பிடிபட்ட திருடன் என் மேசை மேலேயே உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்து வந்து நான் திறக்கும் பழைய லேப்டாப், திறந்த கையோடு பல வருடத்துப் புகைப்படங்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கிவிடும்.

‘ஏற்றுவது தனி, இறக்குவது தனி, இது எப்படி அதைக் கெடுக்கும்?’ என்று நானும் கேட்டேன். ஒரு வீடியோவை இறக்கும்போதும் ‘இதுவரை வந்தது கிடைத்தது’ என்று நம் பக்கத்திலிருந்து சின்னச் சின்னப் பதில்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றும் பாதை புகைப்படங்களால் அடைத்துக்கொண்டால் அந்தப் பதில்களும் வரிசையில் நிற்கும். பதில் வராததால் அந்தப் பக்கம் அனுப்புவதை நிதானப்படுத்திவிடும். வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு என்பதால் ஒரே ஒரு லேப்டாப் போதும், வீடே படுத்துவிடும்.

உங்கள் பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு பேரைப் பார்ப்போம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் தங்கள் உண்மையான வன்பொருள் முகவரியை வைஃபையில் காட்டுவதில்லை. தனியுரிமைக்காக ஒரு பொய் முகவரியோடு வரும். அதனால் சொந்தக் கைபேசியே ரவுட்டருக்கு ஊர் பேர் தெரியாத ஆளாகத் தெரியும். பிரிண்டர், டிவி, எப்போதோ வாங்கி மறந்த ஸ்மார்ட் பல்பு எல்லாமும் அங்கே புரியாத பெயரில்தான் இருக்கும். பட்டியலை வெறித்துப் பார்ப்பதைவிட, வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எது சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பாஸ்வேர்டை மாற்ற ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததுதான் திறந்தீர்கள், சில வேலைகளைக் கையோடு முடித்துவிடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் கதவுக்குப் பூட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 2001லேயே உடைபட்டது. பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பட்டனையோ எண்ணையோ வைத்து இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், கோடிக்கணக்கில் முயல வேண்டியதில்லை, 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ல் வெளியே வந்த விஷயம். பலர் மறப்பது ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. 2016ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். தேடுகிறவனுக்கு அது எப்படியும் தெரியும், வீட்டுக்கு வரும் விருந்தாளிதான் திண்டாடுவார்.

சரி, மந்தத்துக்கு வருவோம். நீங்கள் பார்க்கும் சிக்னல் கோடுகள் உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள உறவை மட்டும்தான் சொல்லும். ரவுட்டருக்கு வெளியே கம்பி அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாகத்தான் நிற்கும். ஆகவே பழுது உள்ளேயா வெளியேயா என்று முதலில் பிரிக்க வேண்டும். மந்தமாக இருக்கும் அதே நேரத்தில் கணினியின் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் கட்டளையை (ஒரு முகவரியிலிருந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவது) ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) ஓட விடுங்கள். பிறகு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு. ரவுட்டரிலிருந்து சில மில்லிசெகண்டில் ஒழுங்காகப் பதில் வந்து, வெளியே மட்டும் நூற்றுக்கணக்கில் துள்ளினால், வைஃபை நிரபராதி. ஒன்று வீட்டில் ஏதோ இணைப்பை நிரப்புகிறது, இல்லையென்றால் இணைய நிறுவனத்தின் பக்கம் கோளாறு. எல்லாக் கருவிகளையும் துண்டித்து, ஒரே கணினியைக் கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். நிறுவனத்தைக் கூப்பிடும்போதும் ‘கேபிளில் சோதித்தேன்’ என்று தொடங்குங்கள், அணைத்துப் போடச் சொல்லும் படலம் கொஞ்சமாவது சுருங்கும்.

ரவுட்டரிடமிருந்தே பதில் தாமதமாக வந்தாலோ இடையிடையே வராமல் போனாலோ, பழுது காற்றில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடை மாதிரி. ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, சுற்றியுள்ள எல்லா ரவுட்டர்களும் அதில்தான் கத்துகின்றன. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் கூட்டம் கூடிவிடும். ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள். சுவர்களைத் தாண்டும்போது அது சோர்ந்துவிடும் என்பதால் தள்ளியிருக்கும் அறைக்கு 2.4தான் கைகொடுக்கும். அங்கே 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. வைஃபை அலசும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டு, கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 3, 8 என்று நடுவில் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்குத்தான்.

லேப்டாப்பின் ஏற்றும் வேகத்துக்கு நான் வரம்பு வைத்த பிறகும் ஒரு அறையில் மட்டும் திக்கித் திணறியது. அலசிப் பார்த்தால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே 6ஆம் சேனலில். ஆக, அவருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்தது. நான் 11க்கு மாறிக்கொண்டேன். அவரிடம் இப்போது பேசுகிறேன். ஏன் மூன்று வாரம் பேசவில்லை என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.