மலைவீட்டில் பாட்டுப் பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டு ட்ராக் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு மைக் மட்டுமே பதிவாகிறது. மிருதங்கம், கித்தார், புல்லாங்குழல், குரல், மூன்று கோரஸ் குரல்கள் எல்லாம் இதில் அடங்குமா? (குன்னூர்)

பதில்: அடங்கும். எட்டு ட்ராக் என்பது தனித்தனியாகப் பதிந்து ஒன்றாக ஒலிக்கக்கூடிய ஒலிவரிகளின் எண்ணிக்கை. இரண்டு என்பது ஒரே தடவையில் உள்ளே எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கை. முதலில் சுருதியையும், பாட்டின் வடிவம் தெரியும்படி ஒப்புக்குப் பாடிய ஒரு குரலையும் பதிந்துகொண்டு, அதைக் ஹெட்போனில் கேட்டபடியே மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் தீரும்போது மூன்று கோரஸ் குரல்களையும் இரண்டு ட்ராக்குகளில் பவுன்ஸ் செய்துவிடலாம், அதாவது கலந்து மறுபதிவு செய்துவிடலாம். கேசட்டில் நான்கு ட்ராக் பதிந்த காலத்தில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பவுன்ஸ் செய்த குரல்களின் அளவு விகிதத்தைப் பிறகு மாற்ற முடியாது என்பதால், மூலத்தைக் கணினியில் நகலெடுத்த பின்பே அழித்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் பதிந்த கித்தாருக்கு மாலையில் குழல் வாசித்துச் சேர்த்தால் சுருதி சேரவில்லை. ரெக்கார்டரில் கோளாறா? (கொடைக்கானல்)

பதில்: ரெக்கார்டரைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் ஊர்க் குளிர்தான் காரணம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறைகிறது, குழலின் சுருதியும் அந்த விகிதத்திலேயே இறங்குகிறது. குழலுக்குள் இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வந்தால் கால் கட்டைக்கும் சற்று அதிகமாகவே இறங்கிவிடும். வாசிக்கும்போது மூச்சு உள்ளே சூடேற்றுவதால் நடைமுறையில் இவ்வளவு இறங்காது என்றாலும், சரணம் முடியும்வரை மேசையில் வைத்திருந்த குழல் ஆறிப்போய், எடுத்தவுடன் வரும் முதல் இரண்டு வரிகள் தாழ்ந்தே ஒலிக்கும். கித்தாரின் எஃகுக் கம்பியோ குளிரில் சுருங்கி இறுகி மேலே போகிறது; மிருதங்கத்தின் தோல் ஈரத்தை வாங்கித் தளர்கிறது. ஆக மூன்றும் மூன்று திசையில் நகர்கின்றன. எலக்ட்ரானிக் தம்புராவை ஒரு ட்ராக்கில் பதிந்து, எல்லாக் கருவிகளையும் அதற்கே சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பதியும் அறையில் கருவிகளை அரை மணி நேரமாவது முன்கூட்டியே வைத்திருங்கள். இடைவேளைகளில் குழலுக்குள் ஓசையெழாமல் ஊதிக்கொண்டிருப்பது என் வழக்கம். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சுருதி நிற்கிறது.

கேள்வி: மழை தொடங்கியதும் கண்டென்சர் மைக்கில் பொரிவது போன்ற சத்தம் வருகிறது. (கோத்தகிரி)

பதில்: கண்டென்சர் மைக்கின் மெல்லிய தகட்டில் நிற்கும் மின்னேற்றம் ஈரத்தின் வழியாகக் கசிவதால் அந்தச் சத்தம் எழுகிறது, பெரும்பாலும் உலர்ந்தால் சரியாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். குளிர்ந்த மைக்கைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால் அதன்மேல் நீர் பூக்கும் என்பதால், டப்பாவோடு சூடேறவிட்டுப் பிறகு எடுங்கள். ஆடி, ஐப்பசி மாதங்களில் இந்த மின்னேற்றம் தேவைப்படாத டைனமிக் மைக்கையே நான் நம்புகிறேன். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தை, பதிந்தவற்றைக் கலக்கும் மிக்ஸிங்கில் நீக்கலாம் என்று எண்ண வேண்டாம்; அன்றைக்குக் கேபிள் மூலம் நேரடியாகப் பதியும் கீபோர்டு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லெவல் எவ்வளவு வைக்க வேண்டும்? (உதகை)

பதில்: 24 பிட்டில் (டிஜிட்டல் பதிவின் நுணுக்க அளவு) பதிந்தால், உரத்த இடங்களிலும் மீட்டரின் உச்சமான பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த ஒலியைத் திரும்பச் சீராக்க இயலாது. குறைவாகப் பதிந்ததைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஹெட்போனில் நன்றாக இருக்கும் மிக்ஸ், ஜீப்பில் போட்டால் குரல் அமுங்கிக் கலங்கலாக ஒலிக்கிறது. (பண்ணைக்காடு)

பதில்: மைக்கை மிக நெருங்கிப் பாடினால் அடித்தொனி வீங்கும், ஒரு சாண் தள்ளி நின்று பாடுங்கள். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு முழக்கத்தையும் எழுப்பும். பாடுபவரின் பின்னால் தொங்கவிடும் கம்பளி எதிரொலியைக் குறைக்குமே தவிர, இந்த முழக்கத்தைத் தொடாது. மைக்கை மூலையிலிருந்து நகர்த்துவதே வழி.

மிக்ஸிங்கில் எல்லா ஃபேடர்களையும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்விசைகள்) இறக்கிவிட்டு, முதலில் குரலை மட்டும் ஏற்றி, அதற்கு இடம்விட்டு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். குரலிலும் கித்தாரிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிட்டால் பாதிக் கலங்கல் தெளியும். குரல் கேட்கவில்லை என்று குரலை ஏற்றுவதற்கு முன், அதை மறைப்பது எது என்று தேடி அதைக் குறையுங்கள். என்னிடம் வரும் மிக்ஸ்களில் பெரும்பாலும் கித்தாரும் ரிவெர்புமே (செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி) குற்றவாளிகள். பிறகு மோனோவாக்கி (இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி), பேச்சுக் குரலைவிடத் தாழ்வான சத்தத்தில் கேளுங்கள். அப்போதும் சொற்கள் புரிந்தால், ஜீப்பில் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: பதியும்போது கரண்ட் போனால்? (மஞ்சூர்)

பதில்: முடிக்கப்படாத கோப்பு பெரும்பாலும் திறக்காது. பேட்டரியைப் போட்டே பதியுங்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் சேமித்துவிட்டுத் தேநீருக்கு எழுந்திருங்கள்.