மருமகனின் பூட்ஸும் மூன்று பவுண் சங்கிலியும்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற அரச ஊழியன், வயது 63. சாவகச்சேரியில் மனைவியுடன் இருக்கிறேன். ஓய்வூதியம் 62,000 ரூபா. எட்டுப் பரப்பு வயலும் உண்டு. மகள் கலியாணம் முடித்து கனடாவில், ஒன்ராறியோவின் வடபகுதியில் இருக்கிறாள். மருமகன் நண்பர்களோடு சேர்ந்து முறைப்படி அனுமதி எடுத்து நவம்பரில் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். குளிர் தாங்கும் றப்பர் பூட்ஸ் ஒரு சோடி அவருக்குத் தேவையாம். பிறந்தநாளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தால் அவருடைய வீட்டார் முன்னால் தனக்கு மதிப்பாக இருக்கும் என்கிறாள் மகள். 180 டொலருக்கும் இருக்கிறது, 420 டொலருக்கும் இருக்கிறது. மனைவியின் மூன்று பவுண் சங்கிலி வங்கியில் அடைவில் இருக்கிறது. 2023 தையில் அதற்கு 2 இலட்சம் எடுத்தேன். 2024இல் மேலும் 80,000, 2025இல் மேலும் 120,000 எடுத்தேன். வட்டியைத் தவறாமல் கட்டி அடைவுச் சீட்டை மாற்றி வருகிறேன். பவுண் விலை ஏறியிருப்பதால் வருகிற தையிலும் மேலதிகமாகத் தருவார்கள். நீண்டகாலம் உழைக்கக்கூடிய பூட்ஸ் எது? 420 டொலர் கொடுப்பது நியாயமா?

பதில்: பூட்ஸைப் பற்றிச் சொல்கிறேன், ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பூட்ஸ் அல்ல, "மேலதிகமாகத் தருவார்கள்" என்ற அந்த வரிதான். வட்டியைத் தவறவிடாத மனிதர் நீங்கள் என்பதால் அடைவு வைப்பதன் நன்மை தீமைகளை விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. பவுண் விலை ஏறும்போதெல்லாம் அந்த ஏற்றத்தை உங்களுக்குக் கிடைத்த வருமானமாக எண்ணி, அதே சங்கிலியில் மறுபடியும் காசு எடுக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. விலை ஏறியதால் சங்கிலி ஒரு மஞ்சாடிகூடக் கூடவில்லை. கூடியது உங்கள் கடன் மட்டுமே.

கணக்கைப் பருவட்டாகப் போட்டுப் பார்ப்போம். வட்டி வீதம் ஒவ்வோர் ஆண்டும் மாறியிருக்கும். நாம் 15 வீதம் என்றே வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டு 2 இலட்சத்துக்கு 30,000, இரண்டாம் ஆண்டு 280,000க்கு 42,000, மூன்றாம் ஆண்டு 4 இலட்சத்துக்கு 60,000. மூன்று ஆண்டில் 132,000 ரூபா வட்டியாகப் போயிருக்கிறது. கடனின் முதற்தொகை ஒரு சதமும் குறையவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது. இன்று மாதம் 5,000 ரூபா, அதாவது உங்கள் ஓய்வூதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அந்தச் சீட்டுக்கே போகிறது.

இதன்மேல் பூட்ஸை ஏற்றிப் பாருங்கள். கனேடிய டொலர் ஒன்று 220 ரூபா என்று கொண்டால் 420 டொலர் 92,400 ரூபா. நல்ல பூட்ஸ் ஐந்து வேட்டைப் பருவம் உழைக்கும், மலிவானது இரண்டு பருவம் உழைக்கும் என்று எடுத்துக்கொண்டால், முன்னதற்குப் பருவமொன்றுக்கு 84 டொலரும் பின்னதற்கு 90 டொலரும் ஆகும். விலை கூடியதே இலாபம் என்று தோன்றுவது இந்தக் கணக்கால்தான். கையிலுள்ள காசில் வாங்குபவருக்கு அது சரியும்கூட. ஆனால் நீங்கள் வாங்கப்போவது அடைவுக் காசில். இதுவரை நடந்ததுபோல் ஐந்து ஆண்டுக்கு வட்டி மட்டும் கட்டிச் சீட்டை மாற்றினால் வட்டி 69,300, முதலோடு சேர்த்து 161,700 ரூபா, அதாவது 735 டொலர். பருவமொன்றுக்கு 147 டொலர் விழுகிறது. பூட்ஸ் கிழிந்து குப்பைக்குப் போன பிறகும் அதன் முதல் உங்கள் சீட்டில் அப்படியே கிடக்கும்.

ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். மருமகன் அதற்கு மேல் ஒரு சதமும் உழைக்கவில்லை என்று வைத்தாலும் 420 டொலர் அவருக்கு 24 மணித்தியால வேலை, மூன்று நாள். உங்களுக்கோ அது ஒன்றரை மாத ஓய்வூதியம். மூன்று நாளில் உழைக்கக்கூடிய ஒருவருக்காக ஒன்றரை மாதச் சாப்பாட்டை ஈடு வைப்பதற்கு மதிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். சீதனம் கலியாணத்தோடு முடிந்தது என்று நினைக்கும் தகப்பன்மார்தான் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் குடிபுகுதலுக்கும் தவணை முறையில் அதைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மருமகன் வாய் திறந்து கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை என்பதையும் கவனித்தேன்; கேட்டது மகள்தான். சங்கிலிக்கு உரியவரான உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்பதற்கும் அதில் ஒரு வரி இல்லை.

ஆகவே மகளோடு நீங்களே பேசுங்கள். 80,000 எதற்கு, 120,000 எதற்கு என்று காரணம் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதில்லை. சங்கிலி அடைவில் இருக்கிறது, மாதம் 5,000 வட்டி போகிறது என்ற இரண்டு வசனங்கள் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரியாமல் வைத்திருப்பவர்கள் நாங்கள்தான்.

காசுக்குப் பதிலாக மருமகனுக்கு நல்ல ஆலோசனையை அனுப்பலாம். குளிர்நாட்டிலுள்ள என் தம்பியின் வீட்டில் ஒரு மாரிகாலம் தங்கியிருந்தபோது, என் வழக்கமான அளவிலேயே குளிர் பூட்ஸ் வாங்கித் தடித்த கம்பளிக் காலுறையோடு திணித்துப் போட்டு, அரை மணித்தியாலத்தில் விரல்கள் மரத்துப்போய்த் திரும்பி வந்தவன் நான். குளிரைத் தடுப்பது உள்ளே நிற்கும் காற்று. கால் நெருக்கப்பட்டால் காற்றுக்கும் இடமில்லை, இரத்த ஓட்டமும் குறைகிறது. எனவே வேட்டைக்குப் போடும் அதே காலுறையோடு அளவு பார்க்க வேண்டும். விரல் அசைய இடம் வேண்டும், குதிக்கால் மட்டும் மேலெழும்பி வழுக்கக் கூடாது.

பூட்ஸில் 400, 800, 1200 என்று எழுதியிருப்பது பூட்ஸின் நிறையல்ல. உள்ளே வைத்த வெப்பக்காப்புத் துணியின் சதுர மீற்றருக்கான கிராம். எண் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். றப்பருக்குள் காற்றோட்டம் இல்லை. 1200 கிராமோடு நடப்பவரின் கால் வியர்த்து, காலுறை நனைந்து, பிறகு அசையாமல் உட்காரும் நேரத்தில் அந்த ஈரமே குளிரை இழுக்கும். நாள் முழுவதும் நடந்து தேடுபவருக்கு 400 அளவு போதும். மரத்தில் பரண் கட்டி அசையாமல் காத்திருப்பவருக்கே 800க்கு மேல் தேவைப்படும். தான் எந்த வகை வேட்டைக்காரர் என்பது மருமகனுக்குத்தான் தெரியும். நியோபிறீன் என்ற நுரைபோன்ற செயற்கை றப்பரை உட்பட்டையாக உள்ளவையும் சூடு காக்கும்.

உழைப்பைத் தீர்மானிப்பது கணுக்காலில் மடியும் இடம். இயற்கை றப்பர் குளிரிலும் வளைந்து கொடுக்கும். மலிவான பிளாஸ்ரிக் பூட்ஸ் குளிரில் விறைத்து அந்த மடிப்பிலேயே வெடிக்கும். வாங்குமுன் அந்த இடத்தைக் கையால் மடித்துப் பிடித்து மயிரிழை போன்ற கோடுகள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே வெண்மையாகப் பூத்திருக்கும் மாவு பழுதல்ல. றப்பருக்குள் இருக்கும் மெழுகு வெளியே வருவது, துடைத்தால் போய்விடும். ஈரமான பூட்ஸைச் சூடேற்றியின் அருகே வைத்து உலர்த்துவதும் வெயிலில் போட்டு வைப்பதும் எந்த விலைப் பூட்ஸையும் கெடுக்கும். உள்ளங்காலட்டையைக் கழற்றி நிழலில் காயவிடுவதே முறை. இத்தனையும் நடுத்தர விலையிலேயே கிடைக்கும். இலைதழைக் கோலம் அச்சிட்டதற்கும் மின்கலம் வைத்துச் சூடாக்குவதற்கும் கூடக் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. பருவம் முடிந்த பிறகு கடைகள் கழிவு போடும்வரை பொறுத்தால் இன்னும் நல்லது.

காசை, வங்கிக்கு வெளியே பணம் மாற்றி அனுப்பும் உண்டியல்காரரிடம் கொடுத்து அங்கே டொலராக எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, காசு போனால் கேட்க நாதியில்லை. கைத்தொலைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்பவர்களைப் பற்றி நான் எழுதி அலுத்துவிட்டேன்.

இனிச் சங்கிலி. கடிதத்தின் கீழே, 8 வீத வட்டியில் 250,000 ரூபா நிலையான வைப்பு தையில் முதிர்கிறது என்றும், அயலவரோடு சேர்ந்து மாதம் 10,000 கட்டிச் சேமிக்கும் அயற்சீட்டு மார்கழியோடு முடிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 250,000 உங்களுக்கு ஆண்டுக்கு 20,000 தருகிறது. அதே தொகைக்கு அடைவில் நீங்கள் கட்டுவது 37,500. வைப்பைப் புதுப்பிக்காமல் 50,000ஐ அவசரத்துக்குச் சேமிப்பில் விட்டு, 2 இலட்சத்தை அடைவுக் கடனின் முதற்தொகைக்குக் கட்டுங்கள். மிச்சம் 2 இலட்சம். இப்போது வட்டிக்கென ஒதுக்கும் 5,000த்தோடு அயற்சீட்டு 10,000த்தையும் சேர்த்து மாதம் 15,000 பகுதிப்பணமாகக் கட்டினால் ஏறத்தாழ 15 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வரும். பகுதிப்பணம் ஏற்பார்களா என்பதைத் தையில் சீட்டு மாற்றும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலதிகக் காசு வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் எட்டுப் பரப்பு வயலுக்கு வருகிறேன். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அது வயல் வெள்ளத்திலிருந்து காலிலுள்ள சிறு காயத்தினூடாகவும் ஏறும். காலபோகத்தில் நீங்கள் வெறுங்காலோடுதான் வரம்பில் இறங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சில ஆயிரம் ரூபாவுக்கு உள்ளூரில் கிடைக்கும் சாதாரண றப்பர் பூட்ஸ், வெப்பக்காப்பு எதுவும் இல்லாதது, ஒரு சோடி வாங்குங்கள். அதை மட்டும் இந்த மாத ஓய்வூதியத்திலேயே வாங்கலாம்.