ஆவணப்படத்தின் சாய்வு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரே அரசியல் தலைவரைப் பற்றிய இரண்டு ஆவணப்படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்றில் அவர் மீட்பர், மற்றதில் குற்றவாளி. இரண்டிலும் ஒரே மேடைப்பேச்சு இடம்பெற்றிருந்ததுதான் என்னைக் குழப்பியது. ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் சம நேரம் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா? பின்னணிக் குரலே இல்லாத படங்களை மட்டும் நம்பலாம் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் முழுதாக மறுப்பது அதைத்தான்.

பின்னணிக் குரலைப் பெரிதும் குறைத்துவிட்டு, தோளில் சுமக்கும் கேமராவோடு தலைவர்களைப் பின்தொடரும் முறைக்கு வழிகாட்டிய படங்களில் ஒன்று, ராபர்ட் ட்ரூ 1960இல் உருவாக்கிய ‘பிரைமரி’. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் கென்னடியும் ஹூபர்ட் ஹம்ஃப்ரியும் போட்டியிட்டதை அது காட்டுகிறது. படம் யாரையும் சொற்களால் புகழவில்லை. ஆனால் நெரிசலுக்குள் நடந்துபோகும் கென்னடியின் பின்னாலேயே, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த கேமரா தொடர்ந்து செல்லும் அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் சாயாமல் இருப்பது கடினம். விவசாயிகளிடம் பேசிக்கொண்டிருக்கும் ஹம்ஃப்ரிக்கு அப்படியொரு ஷாட் வாய்க்கவில்லை. இது படமெடுத்தவர்களின் சாய்வா, அல்லது ஒருவருக்குக் கூட்டமும் கேமராவுக்கு இசைந்த முகமும் இயல்பிலேயே அமைந்திருந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பின்னணிக் குரல் ‘இவர் மக்கள் தலைவர்’ என்று சொன்னால், ‘அப்படியா?’ என்று உள்ளுக்குள்ளாவது கேட்டுக்கொள்வோம். ஒரு ஷாட்டிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனைப் பற்றி பார்பே ஷ்ரோடர் 1974இல் எடுத்த படத்துக்கு ‘ஒரு சுயசித்திரம்’ என்றே துணைத்தலைப்பு உண்டு. பல காட்சிகளை அமீனே ஏற்பாடு செய்தார். இஸ்ரேலைத் தாக்கும் போர் ஒத்திகை ஒன்றைத் தன் படையைக் கொண்டு நடத்திக் காட்டினார், படத்துக்கு அக்கார்டியனும் வாசித்தார். சார்பு என்று பார்த்தால் இதைவிடத் தலைவருக்குச் சார்பாக ஒரு படத்தை எடுத்துவிட முடியாது. அமைச்சரவைக் கூட்டம் ஒன்றில் அவர் தன் வெளியுறவு அமைச்சரைக் கண்டிக்கிறார். பார்வைக்கு அது கண்டிப்பான ஒரு தலைமையாசிரியரின் வகுப்பைப் போலத்தான் இருக்கிறது. அப்போது பின்னணிக் குரல் ஒன்றே ஒன்றைச் சொல்கிறது: இரண்டு வாரங்கள் கழித்து அந்த அமைச்சரின் உடல் நைல் நதியில் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் நண்பரின் விதிப்படி நீக்கிவிட்டால் எஞ்சுவது விளம்பரப்படம். படத்தின் சில பகுதிகளை நீக்கச் சொல்லி, உகாண்டாவிலிருந்த பிரெஞ்சுக் குடிமக்களைப் பிணையாக வைத்து மிரட்டி, அமீன் அதைச் சாதித்தும் கொண்டார். தன் கையால் அமைத்துக் கொடுத்த படத்திலேயே எது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது, தாமதமாகவாவது, அவருக்குப் புரிந்திருக்கிறது.

சம நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்ப்பவருக்கு பத்து நிமிடம் கொடுத்து, அவர் எச்சில் விழுங்கும் கணத்தை க்ளோஸப்பில் வைத்தால் அந்தப் பத்து நிமிடமும் அவருக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

ஆனால் சாய்வையும் திரிபையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 2007இல் அரசி இரண்டாம் எலிசபெத்தைப் பற்றிய ஒரு தொடரின் முன்னோட்டத்தை பிபிசி பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. புகைப்படக்காரர் கிரீடத்தைக் கழற்றச் சொன்னதும் அரசி சினந்து வெளியேறுவதுபோல் அதில் இருந்தது. உண்மையில், அவர் எரிச்சலோடு நடந்த அந்தக் காட்சி படப்பிடிப்புக்கு வரும்போது எடுக்கப்பட்டது. ஒவ்வொரு ஷாட்டும் உண்மையானது, வரிசை பொய். அதே நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று, டொனால்ட் டிரம்ப் அமெரிக்க நாடாளுமன்றம் தாக்கப்பட்ட 2021 ஜனவரி 6 அன்று ஆற்றிய உரையில் 50 நிமிடங்களுக்கும் மேல் இடைவெளி உள்ள இரு பகுதிகளை ஒரே மூச்சில் சொன்னதுபோல் இணைத்திருந்தது. 2025 நவம்பரில் அது வெடித்தபோது தலைமை இயக்குநரே பதவி விலகலை அறிவித்தார். டிரம்பைக் கடுமையாக விமர்சிக்க ஒரு படத்துக்கு முழு உரிமை உண்டு. அவருடைய வாக்கியத்தை அவருக்காகக் கட்டிக்கொடுக்க உரிமை இல்லை. போதாததற்கு, அந்த ஒட்டு அவருடைய கையிலேயே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டது. வெளிப்படையாக ஒரு பக்கம் நின்று வாதாடும் படத்தை நான் பொறுத்துக்கொள்வேன், அதனோடு சண்டை போடலாம் என்பதால். இத்தகைய ஒட்டுவேலையோடு சண்டைகூடப் போட முடியாது, அது நடந்ததே நமக்குத் தெரியாது.

எனவே, நீங்கள் பார்த்த இரண்டு படங்களிலும் அந்த மேடைப்பேச்சு எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் வெட்டப்படுகிறது, வெட்டியவுடன் யாருடைய முகம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முழு உரையும் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.