கிரான்பெர்ரி மாத்திரை: அட்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: வயது 41. இந்த வருடம் மட்டும் மூன்று முறை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. கிரான்பெர்ரி மாத்திரை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கடையில் ஏழெட்டு வகை இருக்கிறது, விலையும் தாறுமாறு. எதை வாங்குவது?

பதில்: முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட மில்லிகிராமை விட்டுவிடுங்கள். பின்பக்கம் திருப்பி, பிஏசி எவ்வளவு என்று தேடுங்கள். கிரான்பெர்ரி பழத்தில் உள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருளின் சுருக்கம் அது. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமி சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டாமல் தடுப்பதாக ஆய்வகங்களில் தெரியவந்தது, இதில் 'ஏ' வகைதான். ஆய்வுகளில் அதிகம் பயன்படும் அளவு நாளொன்றுக்கு 36 மி.கி.

ஒரு கணக்கு: '500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், பிஏசி 3%' என்றிருந்தால் ஒரு மாத்திரையில் 15 மி.கி.தான். இரண்டு போட்டாலும் 30. '25:1, 12,500 மி.கி. பழத்துக்குச் சமம்' என்பது 500-ஐ 25-ஆல் பெருக்கிய எண், அவ்வளவே. பிஏசி எவ்வளவு தங்கியது என்று அது சொல்லாது. 'ஆந்தோசயனின் 25%' என்பதும் அப்படித்தான். அது பழத்தின் நிறமி, நமக்கு வேண்டிய பொருளே வேறு.

அடுத்து, அந்தப் பிஏசியை எந்த முறையில் அளந்தார்கள்? 'டிஎம்ஏசி' (DMAC) என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, நிறமாற்றத்தை வைத்து அளக்கும் முறை என்று குறித்திருந்தால் நல்லது. புற ஊதா ஒளி முறையில் அளந்தால் அதே பொடிக்கே எண் கூடிவிடும். விலை குறைந்த சரக்கில் திராட்சை விதை, வேர்க்கடலைத் தோல் ஆகியவற்றின் சாற்றைக் கலப்பதுண்டு. கடலைத் தோலிலும் 'ஏ' வகை இருப்பதால் டிஎம்ஏசி சோதனை மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. கடலை அலர்ஜி உள்ளவருக்கு இது ஆபத்து. ஆகவே பேட்ச் எண்ணைச் சொல்லி, மூலப்பொருள் கிரான்பெர்ரிதான் என்று உறுதிசெய்த பகுப்பாய்வுச் சான்றை நிறுவனத்திடம் கேளுங்கள். தர மறுத்தால் வேறு பிராண்ட் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அதுவே தரச்சான்று ஆகிவிடாது.

பாட்டில் ஜூஸ் வேண்டாம், பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

பலன் எவ்வளவு? அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவதாக 2023-இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதவர்களுக்கும் பலன் தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும், ஆக்சலேட் வகை சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மொத்த அளவைக் காலை, இரவு என்று பிரித்துப் போடுங்கள். ஆறு மாதம் தவறாமல் எடுத்தும் தொற்று குறையாவிட்டால் நிறுத்திவிடலாம். வந்துவிட்ட தொற்றை இது ஆற்றாது. எரிச்சல் தொடங்கினாலே யூரின் கல்ச்சர் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்றால் அன்றைக்கே போய்விடுங்கள்.