பாரிமுனையில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: ஆபீஸ் வேலையாக ஒரு நாள் சென்னை வருகிறேன். பாரிமுனையில் காலை 11 மணிக்கே வேலை முடிந்துவிடும், ராத்திரிதான் ரயில். அங்கேயே சுற்றிப் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை தி.நகர் போய்விடட்டுமா?

எனக்கு முன்னால் ஒருவர், "கூட்டமும் குப்பையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, தி.நகருக்கே போங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் 11 வருடம் பில் போட்டவன் நான். கூட்டம் இல்லை, குப்பை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தி.நகர் ரங்கநாதன் தெருவில் என்ன, காற்றாடவா நடக்கிறீர்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தோளில் லேப்டாப் பை இருக்கும் என்று நினைக்கிறேன். அதை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திருட்டுக்குப் பயந்து சொல்லவில்லை. தலையில் மூட்டையோடு வருகிறவர் "வழி, வழி" என்பார். சட்டென்று திரும்பினால் உங்கள் பை அவர் விலாவில் இடிக்கும். அவர் நிற்க முடியாது, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

முதலில் டேர் ஹவுஸ் என்ற பாரி கம்பெனிக் கட்டடத்தின் மூலைக்குப் போங்கள். 1788ல் மதராஸ் வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர்தான் பாரிமுனை. இப்போது நிற்கிற கட்டடம் 1940ல் முடிந்தது. சுவரோரம் ஒரு பழைய கல்தூண் இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1758-59ல் ஆங்கிலேயர்களின் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டுப் போன பிறகு, பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அந்த வெற்றிடத்தில் இதற்கு மேல் வீடு கட்டாதே என்று நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது இது. எதிரே ஹைகோர்ட் நிற்கிறதே, அதெல்லாம் அந்த வெற்றிடம்தான். கோர்ட் 1892ல் வந்தது. அதன் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கு ஒரு கல்வெட்டு, கோர்ட்டின் மதில் சுவரில் இருக்கிறது.

அப்புறம் ஆர்மீனியன் தெரு. ஆர்மீனியர் தேவாலயத்தை மதியத்துக்கு மேல் சாத்திவிடுவார்கள், அதனால் தள்ளிப் போடாதீர்கள். 1772ல் கட்டியது. உள்ளே போனதும் தெருவின் ஹாரன் சத்தம் பாதியாகக் குறையும். நடக்கிற இடமெல்லாம் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794ல் அச்சானது இந்த ஊரில்தான். அதை நடத்திய ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை இங்கே இருக்கிறது. பேப்பர் கடையில் வேலை பார்த்தவனுக்கு இது கொஞ்சம் ஒட்டும், உங்களுக்கு எப்படியோ.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தக் கட்டடங்களை அல்ல. அந்தப் பகுதியின் அழகே தெருவுக்கு ஒரு சரக்கு என்பதுதான். கோடவுன் தெரு என்றால் துணி. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி. நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் வாடை மூக்கைத் துளைக்கும். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி, திராட்சை, மளிகை. எங்கள் ஆண்டர்சன் தெருவில் பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அங்கே இருந்தால் யாருக்கும் வந்துவிடும்.

2008ல் என் மாமனார் சிவகாசியிலிருந்து வந்தார். கல்யாணமாகி ஆறு மாதம். "மாப்பிள்ளை சென்னையில் கம்பெனியில் இருக்கிறார்" என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் திருத்தவும் இல்லை. கடையைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. எட்டடி அகலக் கடை, பாதிக்கு மேல் ரீம் கட்டுகள், நடுவே என் மேசை. மேசை என்பதுகூட மரியாதைக்கு.

முதலாளி நல்ல மாதிரியாகத்தான் பேசினார், டீ வாங்கி வரச் சொன்னார். மாமா உட்காரவில்லை. பிரித்து வைத்திருந்த மேப்லித்தோ என்ற அச்சுத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தைத் தேய்த்தார். பிறகு காதருகே பிடித்து ஒரு உதறு உதறினார். அவர் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருடம் கட்டிங் மிஷினில் நின்றவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அச்சாபீஸ்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

"இது என்ன ஜி.எஸ்.எம். மாப்பிள்ளை?"

"70 மாமா."

இன்னொரு தடவை தேய்த்தார். "60 இருக்கும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு, எண் குறைந்தால் தாள் மெலிசு. அந்தக் கட்டுக்கு 70 என்று பில் போட்டவன் நான்தான். 60 என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளிக்குக் காதில் விழுந்ததா தெரியாது. "டீ ஆறுது சார்" என்றார். இதைப் படித்துவிட்டு அந்தத் தெருவே அப்படி என்று யாரும் கமென்டில் வர வேண்டாம். சரியான எடை போடுகிற கடைகள் நிறைய உண்டு. நான் இருந்த கடையைச் சொல்கிறேன், என்னையும் சேர்த்து.

அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வள்ளலார் சின்ன வயதில் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருந்துகொண்டு பாடிய சன்னதி. மாமா கண் மூடி ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, "நல்ல தெருவுலதான் இருக்கீங்க" என்றார். நல்ல கடை என்று சொல்லவில்லை. அதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை என்று மேலே சொன்னேனே, அதைப் பற்றி இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, "இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்" என்கிறார்கள். ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? மஞ்சள் தடவின நாலு மூலை எங்கே? போன மாதம் சொந்தத் தம்பி முறை ஒருவன் அப்படித்தான் அனுப்பினான். நான் போகவில்லை. வீட்டில் சண்டை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆண்டர்சன் தெருவில் மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பிள்ளையார் பெரிதா சின்னதா என்று அரை நாள் பேசுவதைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி.

பசித்தால் சௌகார்பேட்டை பக்கம் தங்கசாலைத் தெருவில் நடங்கள். காக்கடா ராம்பிரசாத்தில் சூடாக ஜிலேபி போடுவார்கள். முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று இருக்கிறது, ரொட்டிக்குப் பதில் முறுக்கு. சிரிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் பீச் ஸ்டேஷன் பக்கம் வந்துவிடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969ல் வந்தது பர்மா பஜார். அதையொட்டிய தெருக்களில் சாயங்காலம் அத்தோ என்ற பர்மா பலகாரம் விற்கும் வண்டிகள் நிற்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். சுத்தம் பார்க்கிறவர் என்றால் விட்டுவிடுங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள். வாழைத்தண்டு சூப் தனியாகக் கிண்ணத்தில் வரும். வேக வைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்துக் கொடுப்பார்கள். மாமா அன்று வெள்ளிக்கிழமை என்று முட்டையைத் தொடவில்லை. சூப் மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். காசு கொடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது, நாலாக மடித்த அந்த மேப்லித்தோ தாளும் கூடவே வந்தது. திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

1996ல் கொத்தவால் சாவடிக் காய்கறியும் பூக்கடையின் பூவும் கோயம்பேட்டுக்குப் போனபோது பாரிமுனை முடிந்தது என்றார்கள். 2002ல் வெளியூர் பஸ்கள் போனபோதும் அதையே சொன்னார்கள். இப்போது மெட்ரோவே ஹைகோர்ட் வாசலில் இறக்கிவிடுகிறது. தி.நகர் போவதானால் போங்கள், நான் தடுக்கவில்லை.

எந்தக் கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிறாக இருந்தால் நான் சொன்ன கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அப்போது மேல் மாடிகளைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம், யாரும் "வழி" கேட்க மாட்டார்கள்.